ஸ்கெனெக்டடியிலிருந்து சின்னசேலத்துக்கு

இந்தக் கதையின் நாயகனுக்குப் பூர்வீகம் ஸ்கெனெக்டடி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரையில் இருக்கும் தொழில் நகரம். நம் வாய்க்கு எளிதில் படியாத பெயர்தான். ஆனால் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் கேமராவோடு நிற்கும் கல்லூரிப் பையனிடம் கேட்டுப் பாருங்கள், தாய்மாமன் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலத் தடுக்காமல் சொல்வான். அவன் காத்திருக்கும் டீசல் எஞ்சினின் இதயம் அந்த ஊரில்தான் உருவானது.

அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமாக ஆல்கோ, 1901-ல் பல சிறு கம்பெனிகள் ஒன்றாகிப் பிறந்தது. நீராவிக் காலத்தில் அது பெரிய கை. உலகின் மிகப் பெரிய நீராவி எஞ்சின்களில் ஒன்றான ‘பிக் பாய்’ அங்கே செய்ததுதான். டீசல் வந்ததும் அதே ஊரில் குடியிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு கூட்டுச் சேர்ந்தது. இரும்பும் எஞ்சினும் ஆல்கோவுடையது, ஜெனரேட்டரும் மோட்டாரும் ஜி.ஈ.யுடையது. 1953-ல் அந்தக் கூட்டு முறிந்தது. சில ஆண்டுகளில் ஜி.ஈ. தானே ரயில் எஞ்சின் செய்து விற்க இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரரே எதிர்க்கடை போட்டால் என்ன ஆகும்? 1969-ல் ஆல்கோ எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது.

கம்பெனி செத்தாலும் அதன் 251 என்ற டீசல் எஞ்சின் சாகவில்லை. கென்னடி விண்வெளி மையத்தில் சந்திரனுக்குப் போன சாட்டர்ன்-5 ராக்கெட்டை நிற்கவைத்தபடியே ஏவுதளத்துக்குத் தூக்கிப்போன ராட்சத ஊர்தியின் வயிற்றில் இருந்தவை 251 குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பதினாறு சிலிண்டர் எஞ்சின்கள்தான். சுமையோடு அந்த ஊர்தி மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போல நகரும். நம் ஊர் பாசஞ்சரின் வேகத்தைக் கேலி செய்கிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இந்த எஞ்சின் வந்தது 1950-களின் கடைசியில். அகலப் பாதைக்கு 1962-ல் ஆல்கோ கொடுத்த மாடலுக்கு இங்கே டபிள்யூ.டி.எம்-2 என்று பெயர் வைத்தார்கள். டபிள்யூ என்றால் அகலப் பாதை, டி டீசல், எம் என்றால் கலப்பு வேலை. பயணிகள் வண்டியும் இழுக்கும், சரக்கும் இழுக்கும். 2,600 குதிரைத்திறன், ஏறத்தாழ 113 டன் எடை. அதே 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின்களும் வந்தன. முதல் ஹவுரா ராஜ்தானியை 1969-ல் இழுத்த பெருமை அவற்றுக்குத்தான். ஆனாலும் இங்கேயே கட்டிக்கொள்ளத் தொழில்நுட்பத்தைக் கொடுக்க முன்வந்தது ஆல்கோ. வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை எழுந்தது. 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் எஞ்சின் வெளியே வந்தது. தாய்வீடு மூடிய பிறகும் வாரணாசி பல பத்தாண்டுகள் ஆல்கோவைக் கட்டிக்கொண்டே இருந்தது. 3,100 குதிரைத்திறனுக்கு ஏற்றி, டபிள்யூ.டி.எம்-3ஏ என்றும், சரக்குக்கென்றே டபிள்யூ.டி.ஜி-3ஏ என்றும் புதுப் பெயர்கள் வைத்தது.

கல்வராயன் மலையடிவாரத்துக்கு முதலில் வந்தது இந்த அகலப் பாதை அண்ணன் இல்லை, மீட்டர் கேஜ் தம்பி.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதை தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், மேல்நாரியப்பனூர், சின்னசேலம் என்று கிழக்கே போகும். வழி நெடுக வசிஷ்ட நதியின் பள்ளத்தாக்குதான் அதற்கு வழிகாட்டி. கிழக்கு முகமாக உட்கார்ந்தால் இடது பக்க ஜன்னலில் கல்வராயன் மலை. ஆத்தூர்ப் பக்கம் வலது ஜன்னலில் தூரத்தில் பச்சைமலை. இரண்டு மலைக்கும் நடுவில் ஆறு ஏற்கெனவே வழி வெட்டி வைத்திருந்ததால் சுரங்கம் தோண்டும் தொல்லை இல்லாமல் போயிற்று. கள்ளக்குறிச்சி இந்தப் பள்ளத்தாக்குக்கு வடக்கே கோமுகி ஆற்றுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. ரயில் தெற்கே சின்னசேலம் வழியாகவே போய்விட்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோதும் மாவட்டத் தலைநகரில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கவில்லை. ரயில் பார்க்க வேண்டுமானால் சின்னசேலத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. கச்சிராயபாளையத்துக்காரருக்கு அது இன்னும் கொஞ்சம் தூரம். மலைமேல் வெள்ளிமலையில் இருப்பவருக்கு முழுசாக ஒரு நாள் பயணம்.

மீட்டர் கேஜில் நீராவி ஓய்ந்த பிறகு ஒய்.டி.எம்-4 வந்தது. ஒய் என்றால் மீட்டர் கேஜ். ஆறு சிலிண்டர், அதே 251 குடும்பம். தென்னாட்டு மீட்டர் கேஜில் ஓடியவற்றில் பல திருச்சி பொன்மலை ஷெட்டைச் சேர்ந்தவை. ஒற்றைப் பாதை என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளாமலிருக்க டோக்கன் முறை உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து டோக்கன் கிடைக்காமல் அடுத்த ஸ்டேஷன் வரையுள்ள பாதையில் வண்டி நுழையக் கூடாது. நிற்காமல் போகும் வண்டியென்றால் ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி, டோக்கன் வைத்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் காட்சியை வயதானவர்கள் இன்னும் கையை ஆட்டிக் காட்டித்தான் விவரிக்கிறார்கள். ஆட்டிக் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. இந்தப் பாதையின் மீட்டர் கேஜ் காலத்தை அசையும் படமாக நான் பார்த்தது அவ்வளவு குறைவு. அன்று ஃபிலிம் ரோல் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாங்குகிற பொருள். நீராவி எஞ்சின்களைத் தேடி பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இந்தியாவுக்கு வந்த ஆர்வலர்கள் எடுத்த படங்கள் நிறைய உண்டு. அவர்கள் ஊட்டிக்கும் டார்ஜிலிங்குக்கும் போனார்கள். தலைவாசலில் இறங்க யாருக்கும் தோன்றவில்லை.

1992-ல் நாடு முழுவதும் ஒரே அளவுப் பாதை என்று ரயில்வே முடிவெடுத்தது. இங்கும் மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டார்கள். 2007 வாக்கில் சேலம்வரை அகலப் பாதை முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி சேலம் ரயில்வே கோட்டமும் உதயமானது. தம்பி போனான், அண்ணன் வந்தான். ஈரோடு ஷெட்டின் எஞ்சின்களும் பொன்மலை ஷெட்டின் எஞ்சின்களும் கூட்ஸையும் பாசஞ்சரையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலையை ஒட்டி ஓட ஆரம்பித்தன. பக்கவாட்டில் சின்னதாக ஈ.டி. என்று எழுதியிருந்தால் ஈரோடு, ஜி.ஓ.சி. என்றிருந்தால் பொன்மலை.

இன்னொரு விஷயமும் கிட்டத்தட்ட அதே காலத்தில் நடந்தது. வீடியோ எடுக்கும் செல்போன் மலிவானது. ஆல்கோவுக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆயுள்தான் மிச்சம் என்ற நிலையில், ஒரு கூலித் தொழிலாளியின் மகன் கையிலும் கேமரா வந்து சேர்ந்தது. இந்தப் பொழுதுபோக்கு இங்கே வேர் பிடித்ததற்கு வேறு எந்தக் காரணத்தையும்விட இந்தக் கால ஒற்றுமைதான் பெரிய காரணம் என்பேன். பத்தாண்டு முன்பின்னாக நடந்திருந்தால் எஞ்சின் இருந்தபோது கேமரா இருந்திருக்காது, கேமரா வந்தபோது எஞ்சின் இருந்திருக்காது.

ஆல்கோவில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் புகை. டீசல் எஞ்சினை ஓட்டுபவர் கையில் எட்டு நாட்ச் உண்டு. ஒவ்வொரு நாட்சும் ஏற்ற ஏற்ற எஞ்சினுக்கு டீசல் கூடுதலாகப் போகும். அது எரியக் காற்றும் கூடுதலாக வேண்டும். காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போசார்ஜர் என்ற சுழலி. அதைச் சுற்றவைப்பது எஞ்சின் கக்கும் புகையேதான். எனவே டீசல் உடனே வந்துவிடும், காற்று சில விநாடி தாமதமாக வரும். அந்த இடைவெளியில் பாதி எரிந்த டீசல் கரியாகக் கூரை வழியே எகிறும். சுழலி வேகம் பிடித்ததும் புகை வெளுத்து, மெல்லிய விசில் ஒன்று மேலெழும். எஞ்சினியருக்கு இது குறை. எரிபொருள் வீண், காற்று மாசு. பிளாட்பாரக் கோடியில் நிற்பவனுக்கோ அதுதான் அன்றைய நாளின் பலன்.

அடுத்தது சத்தம். சும்மா நிற்கும்போது ஆல்கோ தாளம் தப்பித் தப்பி அடிக்கும். மூன்று அடி அடித்து ஒன்றை விழுங்கியதுபோல ஒரு கணக்கு. இதைக் கேட்பதற்கென்றே மைக்கில் பஞ்சு உறை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஜப்பானில் ரயில் ரசிகர்கள் தனித்தனிக் கூட்டங்களாகவே பிரிந்திருக்கிறார்கள்: படம் எடுப்பவர், ஒலியைப் பதிவு செய்பவர், ஏறிப் பயணம் செய்வதையே குறியாகக் கொண்டவர். நம் பக்கம் அவ்வளவு பிரிவினை இல்லை. ஒரே ஆள் மூன்றையும் செய்கிறான், நடுவில் வீட்டிலிருந்து வரும் போனுக்கும் பதில் சொல்கிறான்.

மூன்றாவது, நீண்ட மூக்கு. இந்த எஞ்சினுக்கு ஓட்டுநர் அறை ஒரு பக்கம்தான். அறைக்கு ஒரு புறம் குட்டை மூக்கு, மறுபுறம் எஞ்சினை அடக்கிய நீண்ட உடல். நீண்ட பக்கம் முன்னால் வரும்படி வண்டியை ஓட்டினால் லோகோ பைலட்டுக்கு முன்பாதை சரியாகத் தெரியாது. அவருக்கு அது தண்டனை. வீடியோ எடுப்பவனுக்கு அது கொண்டாட்டம். தொழிலாளியின் சிரமம் ரசிகனின் ரசனையாவதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. நல்ல ரசிகர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் எஞ்சினைப் பார்த்துக் கையசைப்பதற்கு முன் உள்ளே இருப்பவரைப் பார்த்துக் கையசைக்கிறார்கள்.

இந்தப் பாதைக்கு இன்னொரு சிறப்பு ஏற்றம். விருத்தாசலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 45 மீட்டர் உயரம், சேலம் ஏறத்தாழ 280 மீட்டர். மேற்கே வரும் கனமான வண்டி முழுக்க முழுக்க உழைத்தே ஆக வேண்டும். இறங்குமுகமாகக் கிழக்கே போகும் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே எந்த வண்டி எந்தத் திசையில் என்பதைப் பொறுத்தே கேமராவை எடுப்பதா, டீ குடிப்பதா என்ற முடிவு.

வெளிச்சத்துக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பாதை பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போகிறது, மலை வடக்கே இருக்கிறது. தெற்குப் பக்கம் நின்றால் வண்டிக்குப் பின்னால் மலை விழும். ஆண்டின் பெரும்பகுதி சூரியனும் முதுகுக்குப் பின்னால் இருந்து வண்டியின் மேல் விழும். சித்திரை இரண்டாம் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம்வரை மட்டும் உச்சிப்பொழுதிலும் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வண்டியின் தெற்கு முகம் இருண்டுபோகும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் எஞ்சினின் முகத்தில் விழும் வெளிச்சத்தில்தான் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழை காற்றைக் கழுவிவிட்ட பிறகு மலையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். அப்போது நீண்ட லென்ஸ் இருந்தால் தூரத்து மலையை இழுத்துவந்து எஞ்சினுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர்ப் பக்கம் லென்ஸின் உதவி அதிகம் தேவையில்லை.

பயணிகள் வண்டியை எடுப்பது சுலபம். எங்கே வருகிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று போனே சொல்லிவிடும். பெங்களூரு காரைக்கால் வண்டி ஓசூர், தருமபுரி, சேலம் சுற்றி இந்த வழியாகத்தான் போகிறது. நெய்வேலி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று கடற்கரைவரை பயணம். சேலத்திலிருந்து எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் இரவில் கடந்துவிடுவதால் அதைப் படமெடுப்பது ஏறக்குறைய விளக்கைப் படமெடுப்பதுதான்.

கூட்ஸ் அப்படியில்லை. அதற்கு அட்டவணை கிடையாது, பொதுமக்கள் போனில் பார்க்கவும் வழியில்லை. கேட் மூடுவதையும் சிக்னல் நிறம் மாறுவதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வராமலே போகலாம். பயணிகள் வண்டியை எடுக்கிறவனைவிட கூட்ஸுக்குக் காத்திருக்கிறவனை நான் ஒரு படி மேலே வைப்பேன். மற்றவன் வண்டியைப் பிடிக்க வருகிறான். இவனுக்கு வெயில், வேப்பமரம், தண்டவாளம், அடுத்த ஸ்டேஷனிலிருந்து வரும் மணிச்சத்தம் எல்லாம் பழகிவிடுகிறது. சின்னசேலம் ஸ்டேஷன் அருகே டீக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அப்படி வந்த பையனிடம் கேட்டதை நானே காதால் கேட்டேன்: “ஏந் தம்பி, ஏறிப் போறதுக்கு இல்ல, வெறுமனே பாக்கறதுக்கா இம்மாந் தூரம் வந்த?” அவன், “ஆமாங்கக்கா, லோடு வண்டி ஒண்ணு வரும்” என்றான். “வந்தா எனக்கும் காட்டு” என்று சொல்லிவிட்டு அவர் பால் சட்டியைக் கிளறப் போய்விட்டார்.

ஒற்றைப் பாதையில் உச்சக் காட்சி கிராசிங். எதிரே பயணிகள் வண்டி வருகிறதென்றால் கூட்ஸை லூப் லைனில் ஒதுக்கிப் போடுவார்கள். அரை மணியோ ஒரு மணியோ ஆல்கோ அங்கே நின்று தாளம் தப்பிக்கொண்டிருக்கும். வண்டி கடந்ததும் சிக்னல் விழும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் என்றால் பொதுவாக 58, கடைசியில் பிரேக் வேன். நின்ற இடத்திலிருந்து அத்தனையையும் ஒரே இழுப்பில் அசைக்க முடியாது. வேகன்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. எஞ்சின் முதல் வேகனை இழுக்க, அது இரண்டாவதை இழுக்க, ‘டங்’கென்ற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடும். முன்னால் எஞ்சின் நகர்ந்துவிட்டிருக்கும், பின்னால் பிரேக் வேன் இன்னும் நின்றுகொண்டிருக்கும். நாட்ச் ஏறும். புகை. டர்போ விசில். தரை லேசாக அதிரும். அகலத் திரையில் பார்த்தாலும் இந்த அதிர்வு வராது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ஒரே குறை.

இதையெல்லாம் சிரமப்பட்டு எடுத்துவிட்டுப் பலர் மேலே ஒரு சினிமாப் பாட்டை ஒட்டிவிடுகிறார்கள். பதினாறு சிலிண்டரும் இணைப்புச் சத்தமும் போட்ட இசையை அழித்துவிட்டு மாஸ் ஹீரோ நுழைவுக்குப் போட்ட டிரம்ஸ். இன்னொரு குற்றம், எஞ்சின் கடந்ததும் வீடியோவை நிறுத்துவது. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில், விளக்கோ விசிறியோ இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவர் கார்டு. 2022 முதல் அவருக்கு ரயில் மேலாளர் என்று பெயர். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வண்டியில் அங்கே இருக்கும் ஒரே மனிதர். கொடியைச் சுருட்டிக்கொண்டே அவர் கையசைக்கும் இடம்வரை பதிவு ஓட வேண்டும்.

தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் சொல்கிறது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். சட்டத்தைவிட முக்கியம், மின்சார எஞ்சின் இழுக்கும் வண்டி சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்காது, போய்விடும்.

ரயிலையும் அசையும் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. தென்னிந்திய ரயில்வேயில் திருச்சியில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டில் சினிமாவைப் பரப்பியது ஒரு ரயில்வே ஊழியர்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் எடுத்து உலகம் முழுக்கப் புகழ்பெற்ற படமும் ஒரு ஸ்டேஷனுக்குள் ரயில் வந்து நிற்பதுதான். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்தை இன்றைய ரயில் வீடியோக்களின் பாட்டன் என்று சொல்வதில் தப்பில்லை. அதில் பின்னணி இசையும் கிடையாது.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவு நேரத்தில், கம்பியில் கோர்த்த பல்புகளை ஒரே நொடியில் வெடிக்கவிட்டுப் படமெடுத்தார். ஒலியையும் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்தப் படங்களில் நீராவியைத் துரத்தியடிக்கும் வில்லன் யார் என்று பார்த்தால் டீசல். அந்த ரயில்வே வாங்கிய டீசல்களில் ஆல்கோவும் உண்டு, உள்ளே அதே 251 குடும்பம். லிங்க் கேமராவைத் திருப்பிக்கொண்ட எஞ்சினைத்தான் நம் பையன்கள் அவரைப் போலவே பதைப்போடு துரத்தித் துரத்தி எடுத்தார்கள். அறுபது ஆண்டில் வில்லன் நாயகனாகிவிட்டான்.

ரசிகர் செய்யும் இன்னொரு வேலை எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்வது. பிரிட்டனில் 1942-ல் இயன் ஆலன் என்ற ரயில்வே அலுவலக ஊழியர், எஞ்சின் எண்களை மட்டும் தொகுத்துச் சின்னப் புத்தகம் போட்டார். அது விற்ற வேகத்தில் பள்ளிப் பையன்கள் ஆயிரக்கணக்கில் பென்சிலோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். இங்கே பென்சிலுக்குப் பதில் வீடியோ. பக்கவாட்டில் பெரிதாக எழுதிய ஐந்து இலக்க எண் படத்தில் விழுந்துவிட்டால் போதும். பெரும்பாலும் 13-ல் தொடங்கினால் சரக்குக்கென்று பிறந்த டபிள்யூ.டி.ஜி-3ஏ என்று பார்த்தவுடன் சொல்வார்கள். அதே எண் வேறெங்கோ வேறு யாரோ எடுத்த படத்தில் வரும். எந்த ஷெட்டிலிருந்து எங்கே மாறியது, எப்போது வண்ணம் மாறியது, எப்போதிலிருந்து யார் கண்ணிலும் படவில்லை என்று கோர்த்துப் பார்த்தால் ஒரு தனி எஞ்சினின் வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடும். ரயில்வேயும் பதிவேடு வைத்திருக்கும்தான். அதில் பழுதும் பராமரிப்பும் இருக்கும். ஒரு மார்கழிக் காலை மேல்நாரியப்பனூரில் அந்தோணியார் கோயில் பக்கம் பனிக்குள்ளிருந்து அது வெளியே வந்த விதம் இருக்காது. அதைச் சொல்வது, தெருவில் போகிற யாரோ பைத்தியம் என்று நினைத்த ஆட்கள் செய்து வைத்த ஆவணம்தான்.

கம்பி வந்தது. 2018-ல் அகலப் பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. சேலம் விருத்தாசலம் பாதையில் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பங்கள் நட்டு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடவிட்டார்கள். மலை இருக்கும் படத்துக்குள் இனி எப்போதும் கம்பமும் இருக்கும். ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் முடிவு சரியான முடிவுதான். இறக்குமதி எண்ணெயில் ஓடும் 3,100 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதில், 6,000 குதிரைத்திறனுக்கு மேல் இழுக்கும், பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் எஞ்சின் கிடைக்கும்போது எந்த நிர்வாகம் வேண்டாம் என்னும்? டீசல் ஷெட்டை ஒட்டிக் குடியிருந்து துணி காயப்போட்டவர்கள் யாரும் புகைக்காக அழுததாகக் கேள்விப்படவில்லை.

ஆல்கோக்கள் எங்கே போயின? பல ஏலத்தில் இரும்புக் கடைக்கு. வாரணாசி ஒரு வித்தை காட்டியது: இரண்டு பழைய ஆல்கோ சரக்கு எஞ்சின்களைக் குடைந்து 10,000 குதிரைத்திறன் இரட்டை மின்சார எஞ்சினாக மாற்றியது. பிரதமர் 2019 பிப்ரவரியில் அதற்குக் கொடியசைத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே டீசல் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 2020 ஜூலையில் பத்து அகலப் பாதை ஆல்கோக்கள் வங்கதேசத்துக்குப் போயின. மீட்டர் கேஜ் தம்பிகளுக்கு அதற்கு முன்பே வெளிநாட்டு யோகம் அடித்துவிட்டது. மியான்மரிலும் மலேசியாவிலும் ஒய்.டி.எம்-4 ஓடியது. இலங்கையிலும் நம்மைப் போலவே 1,676 மில்லிமீட்டர் பாதை என்பதால் வாரணாசியில் கட்டிய எம்-8 எஞ்சின்கள் 1996-ல் கப்பலேறின. அங்குள்ள தமிழ் இளைஞர்களும் இப்போது தாளம் தப்பும் சத்தத்துக்காகக் கேமராவோடு நிற்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கதைதான் விசேஷம். ஆல்கோவைக் கவிழ்த்த அதே ஜி.ஈ., பிகாரில் மர்ஹோரா என்ற இடத்தில் ஆயிரம் டீசல் எஞ்சின் செய்ய 2015-ல் ஒப்பந்தம் பெற்றது. எதிர்க்கடைக்காரர் ஐம்பது ஆண்டு கழித்து, கடல் தாண்டியும் விடவில்லை.

எல்லா ஆல்கோவும் போய்விடவில்லை. கம்பி அறுந்தால் வண்டியை இழுக்க, விபத்து நிவாரண வண்டிக்கு, ஜல்லி கொட்ட, தண்டவாளம் சுமக்க இன்னும் டீசல் வேண்டும். மேலே மின்சாரம் நிறுத்திவிட்டுப் பாதை வேலை பார்க்கும் இடத்தில் மின்சார எஞ்சினால் என்ன செய்ய முடியும்? அதனால் இப்போது அனுபவசாலி ரசிகர் எக்ஸ்பிரஸை விட்டுவிட்டு ஜல்லி வண்டியைத் தேடுகிறார். பத்தாண்டு முன்பு அதைப் பார்த்தால் கேமராவை மூடி வைத்தவர்தான்.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் போட ஒப்புக்கொண்ட கிளைப் பாதை, நிலம் எடுப்பதும் பணம் ஒதுக்குவதுமாகப் பல ஆண்டு இழுத்த வேலை. எந்தப் புதுப் பாதையிலும் மாலை போட்ட பயணிகள் வண்டி வருவதற்கு வெகு முன்பே ஜல்லி வண்டியும் தண்டவாளம் ஏற்றிய வண்டியும் வந்து போயிருக்கும். திறப்பு விழா நாளில் ஊரே போனைத் தூக்கிப் பிடிக்கும், அந்த வீடியோவுக்குப் பஞ்சம் இருக்காது. அதற்கு முன் யாரும் கூப்பிடாமல் வந்து ஜல்லி கொட்டிவிட்டுப் போன டீசலை, அதன் எண் தெரியும்படி கள்ளக்குறிச்சிக்காரர் யாராவது எடுத்து வைத்திருந்தால், தயவுசெய்து அதில் பாட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.